“வீட்டுல யார் பாத்துப்பாங்க?” – டிஸ்சார்ஜ் திட்டமிடல், ஓர் எளிய விளக்கம்

சென்னையில் எந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கும் ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போய்ப் பாருங்கள். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் “இன்னிக்கு வீட்டுக்குப் போலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்திருப்பார். அந்த நிமிடமே குடும்பம் திசைக்கு ஒருவராகக் கலையும். மகன் பில்லிங் கவுண்டருக்கு, மருமகன் ஃபார்மசிக்கு, மகள் வண்டி பிடிக்க. பெரியம்மா மட்டும், “பத்தரை பன்னெண்டு ராகு காலம், அது தாண்டிக் கிளம்புங்க” என்று போனில் உத்தரவு போடுவார். சரியாக அப்போதுதான் சிஸ்டர் ஃபைலோடு உள்ளே வருவார், எந்த மாத்திரை எப்போது என்று விளக்க. கட்டிலுக்குப் பக்கத்தில் யார் இருப்பார் தெரியுமா? அரை டஜன் சாத்துக்குடியோடு நலம் விசாரிக்க வந்த ஒரு சித்தப்பா மகன். சிஸ்டர் சொல்வதற்கெல்லாம் அவர் தலையாட்டுவார். சாயங்காலம் தாம்பரம் ரயிலேறி அவர் வீட்டுக்குப் போய்விடுவார். விளக்கமும் அவரோடு போய்விடும்.

அந்தச் சித்தப்பா மகனைக் குறை சொல்லி என்ன பயன்? சொல்லவேண்டிய ஆளிடம், சொல்லவேண்டிய நாளில் சொல்ல யாரும் ஏற்பாடு செய்யவில்லை. அந்த ஏற்பாட்டுக்குத்தான் டிஸ்சார்ஜ் திட்டமிடல் என்று பெயர்.

வார்டில் ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் என்னென்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விடியற்காலை சர்க்கரை பார்க்கிறார்கள், பிரஷர் எடுக்கிறார்கள், வேளைக்கு மாத்திரை கொடுக்கிறார்கள், புரண்டு படுக்க வைக்கிறார்கள், எவ்வளவு சிறுநீர் போனது என்று குறிக்கிறார்கள், கழிப்பறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போகிறார்கள். மூன்று ஷிஃப்ட்டில் மாறி மாறிப் பலர் செய்யும் வேலை இது. டிஸ்சார்ஜ் ஆன அன்று மாலை இந்த வேலைகளில் பெரும்பகுதி அப்படியே வீட்டுக்கு வருகிறது. நோய் முழுசாகக் குணமாகி யாரும் வீட்டுக்கு அனுப்பப்படுவதில்லை; ஆஸ்பத்திரியில் இருந்தே தீரவேண்டிய கட்டம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். மிச்சக் குணம் வீட்டில்தான் நடக்கிறது. அதை நடத்தப்போகிறவர்கள் யார், அவர்களுக்கு என்ன தெரியவேண்டும், வீட்டில் என்ன இருக்கவேண்டும், ஏதாவது தப்பினால் யாரைக் கூப்பிடவேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே, குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசி முடிப்பதுதான் இதன் சாரம்.

முன்கூட்டியே என்றால் எப்போது? அட்மிஷன் ஆன மறுநாளே தொடங்கிவிடலாம். “எப்போ டிஸ்சார்ஜ்?” என்று கேட்டால் டாக்டருக்கு எரிச்சல் வரலாம். “வீட்டுக்குப் போறப்போ இவருக்கு என்னென்ன உதவி தேவைப்படும், டாக்டர்?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நின்று பதில் சொல்வார்கள்.

இதில் உண்மையிலேயே இவ்வளவு ஆபத்து இருக்கிறதா என்று சந்தேகம் வரலாம். அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய 400 பேரை விசாரித்தது. நோயால் அல்லாமல் சிகிச்சையின் விளைவாகவே 76 பேருக்கு ஏதோ ஒரு பாதிப்பு வந்திருந்தது. அந்தப் பாதிப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு மருந்தால் வந்தவை. அங்கே நிலைமை அது. இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு எழுபத்தொரு வயது, லேசான பக்கவாதம். ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டு நடக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். வீட்டுக்குக் கூட்டி வந்தோம். நங்கநல்லூரில் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லாத பழைய அபார்ட்மென்ட். டிஸ்சார்ஜ் அன்று பேசவேண்டிய எல்லாரிடமும் நான்தான் பேசினேன்: டாக்டர், இன்ஷூரன்ஸ் டெஸ்க், கேஷ் கவுண்டர். டல்லாஸில் இருக்கும் அண்ணன் வாட்ஸப் வீடியோவில் டாக்டரைக் கேள்வி கேட்டான். அம்மா வராந்தாவில் பைகளுக்குக் காவல் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதாம் நாள் விடியற்காலை அப்பா பாத்ரூம் வாசலில் தலைசுற்றி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. திரும்ப அட்மிஷன், ஆபரேஷன். இரண்டாவது முறை கேஸ் எழுதிய டியூட்டி டாக்டர், “என்னென்ன மாத்திரை கொடுக்கறீங்க?” என்று கேட்டார். அம்மா வீட்டிலிருந்து எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்தாள். டாக்டர் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டை எடுத்துத் தனியாக வைத்தார். ஒன்று, எங்கள் தெரு டாக்டர் பல வருஷமாகக் கொடுத்து வந்த பிரஷர் மாத்திரை. இன்னொன்று, ஆஸ்பத்திரி புதிதாக எழுதியது. பெயர் வேறு, நிறம் வேறு, கம்பெனி வேறு. உள்ளே இருந்த மருந்தில் அம்லோடிபின் இரண்டுக்கும் பொது. புதியதில் அதோடு இன்னொரு பிரஷர் மருந்தும் சேர்ந்திருந்தது. பழைய மாத்திரையை நிறுத்தவேண்டும் என்று யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என்னிடம் சொல்லியிருப்பார்கள். நான் அப்போது பார்க்கிங் சீட்டைத் தேடிக்கொண்டிருந்திருப்பேன். அப்பாவின் பிரஷர் எக்கச்சக்கமாக இறங்கியிருந்தது.

மருந்துக்கு இரண்டு பெயர் உண்டு என்பதை எல்லாக் குடும்பமும் தெரிந்துகொள்ளவேண்டும். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் சொந்தப் பெயர். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், வயிற்றுக்கான பேன்டப்ரசோல், கொலஸ்ட்ராலுக்கான அட்டர்வாஸ்டாட்டின் எல்லாம் எத்தனையோ கம்பெனிப் பெயர்களில் வருகின்றன. ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்து சேர்ந்தும் வரும். செலவைக் குறைக்க மக்கள் மருந்தகத்துக்கோ, 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களுக்கோ போகிறவர்கள் அதிகம். போகவேண்டியதுதான், ஆனால் அங்கே அட்டையின் தோற்றம் மறுபடி மாறும். அதனால் நிறத்தையும் வடிவத்தையும் வைத்து அடையாளம் சொல்லிக் கொடுக்காதீர்கள். “அந்த ரோஸ் மாத்திரை” என்று பழகிய வீட்டில் ரோஸ் வெள்ளையாகும் நாளில் குழப்பம் வரும்.

வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரையையும், ஹோமியோபதி, சித்த மருந்து, மூட்டுவலிக்குத் தானே வாங்கிச் சாப்பிடும் மாத்திரை உட்பட, டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே ஒரு பையில் கொண்டுபோங்கள். டாக்டரோ மருந்தாளுநரோ டிஸ்சார்ஜ் சம்மரியோடு (சிகிச்சை விவரமும் மருந்துப் பட்டியலும் எழுதித் தரும் தாள்) ஒப்பிட்டு மூன்று கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: எது தொடரும், எது நிற்கும், எது புதிது. நிற்பதை அங்கேயே தனியாகக் கட்டிவிடுங்கள். வீட்டு அலமாரியில் பழைய இடத்திலேயே அது இருந்தால் கை தானாக அதை எடுக்கும். புதியதில் எது எத்தனை நாளைக்கு என்பதையும் கேளுங்கள். ஐந்து நாள் ஆன்டிபயாடிக்கும் ஆயுள் முழுக்கச் சாப்பிடவேண்டிய மாத்திரையும் சம்மரியில் அடுத்தடுத்த வரியில்தான் இருக்கும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இது உயிர் சம்பந்தப்பட்டது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை, பல் பிடுங்குவதற்காகக்கூட, இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது.

குடும்பம் என்றால் அதில் யார்?

இரண்டாவது முறை டிஸ்சார்ஜுக்கு மூன்று நாள் முன்னதாக அந்த வார்டு சிஸ்டர் வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், பேச்சில் தெரிந்தது. வழக்கம்போல நான் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்து, “வீட்டுல யார் சார் பாத்துப்பாங்க?” என்றார்.

“நாங்க எல்லாரும்தான்.”

“எல்லாருன்னா யாரு? ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் கூட்டிட்டுப் போறது யாரு?”

நான் பதில் தேடுவதற்குள் அவர் அம்மாவைப் பார்த்துவிட்டார். “அம்மா, நீங்க இங்க வந்து உக்காருங்க. சார், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் இந்த விஷயத்தில் நான் கற்றதில் பாதி அந்த ஒரு நகர்த்தலில் இருக்கிறது. நம் வீடுகளில் டாக்டரிடம் பேசுகிறவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர், பணம் கட்டுபவர் மற்றொருவர். செய்கிறவர் இவர்கள் யாருமில்லை. பெரும்பாலும் மனைவி, மருமகள், இல்லையென்றால் வேலைக்குப் போகாத மகள். விளக்கம் சொல்லும்போது அவரைக் காபி வாங்கிவர அனுப்பியிருப்போம். சம்மரி இங்கிலீஷில் இருக்கும், அது மகன் கையில் இருக்கும், மகன் ஆபீஸில் இருப்பான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் கவலை நிஜமானது, அதை நான் கேலி செய்யவில்லை. வீடியோவில் அவனும் இருக்கட்டும். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலி, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருக்கப் போகிறவருக்குத்தான்.

அப்புறம் நோயாளி. அவரை மறப்பதுபோல வேறெதையும் நாம் மறப்பதில்லை. அவர் தலைக்கு மேலேயே, “இவருக்குச் சொல்லவேண்டாம், பயந்துடுவார்” என்று பேசிக்கொள்வோம். நினைவு தெளிவாக இருக்கிறவரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, வீட்டுக்குப் போனதும் உங்களுக்கு எது முக்கியம் என்பதுதான். அப்பா சொன்ன பதில் எங்கள் யாருக்கும் தோன்றாதது. தானே போய்க் குளிக்கவேண்டும் என்றார். அதிலிருந்துதான் பிசியோதெரபிஸ்ட் என்னென்ன பயிற்சி என்று முடிவு செய்தார்.

அம்மாவுக்கும் அறுபத்தாறு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. “உங்களால தனியா இவரைத் தூக்க முடியாது, தூக்கவும் கூடாது. உங்க மருந்து ஒழுங்கா சாப்பிடறீங்களா?” என்று சிஸ்டர் கேட்டார். அந்த வாரத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர். பகலுக்கு ஓர் ஆள் வைத்தோம். ஏஜென்சிக்காரர்கள் ஹோம் நர்ஸ் என்றுதான் சொல்வார்கள். வருகிறவர்களில் பலர் நர்சிங் படித்தவர்கள் கிடையாது. அன்பாகப் பார்த்துக்கொள்வார்கள், அது வேறு. குழாய், ஊசி, புண்ணுக்குக் கட்டு என்று எதுவாவது இருந்தால், அதைச் செய்து பழக்கம் உண்டா என்று கேட்டுவிட்டே அமர்த்துங்கள். முடிந்தால் அவரையும் டிஸ்சார்ஜுக்கு முன்பே வார்டுக்கு வரவழைத்து, சிஸ்டர் செய்வதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

“புரிஞ்சுதா?” என்ற கேள்வி

“புரிஞ்சுதா?” என்று கேட்டால் “புரிஞ்சுது” என்றுதான் எல்லாரும் சொல்வோம். வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் “புரியலை” என்று சொல்ல நமக்குப் பழக்கமில்லை. அந்த சிஸ்டர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. “அம்மா, இப்ப நான் சொன்னதை உங்க பேத்திகிட்ட சொல்ற மாதிரி என்கிட்ட சொல்லுங்க” என்றார். அம்மா சொன்னாள். நடுவில் ஒன்று விட்டுப்போனது. சிஸ்டர் அதை மட்டும் மறுபடி சொன்னார். அம்மா மறுபடி சொன்னாள். மொத்தம் ஆறு ஏழு நிமிடம்.

இதை டீச்-பேக் என்பார்கள். சொல்லச் சொல்லிக் கேட்பது. கைவேலை என்றால் செய்யச் சொல்லிப் பார்ப்பது. பரீட்சை கேட்பவருக்கில்லை, சொன்னவருக்கு. விட்டுப்போனால் சொன்ன விதத்தை மாற்றவேண்டும். ஆஸ்பத்திரி இதைச் செய்யாவிட்டால் நீங்களே தொடங்கலாம்: “சிஸ்டர், நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், சரியா பாருங்க.” எந்த சிஸ்டரும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்ததில்லை.

கைவேலைக்கு ஓர் உதாரணம். பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்கு மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய், ரைல்ஸ் ட்யூப். அவர் மகளுக்கு அதில் கஞ்சி கொடுக்கச் சொல்லிக் கொடுத்ததை மூன்று வேளை பார்த்தேன். முதல் வேளை சிஸ்டர் செய்ய, மகள் பார்த்தாள். இரண்டாவது வேளை இருவரும் சேர்ந்து. மூன்றாவது வேளை மகள் செய்ய, சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தலைப்பக்கம் நன்றாக உயர்ந்திருக்கிறதா, மூக்கருகே குழாயில் இருக்கும் அளவுக்குறி இடம் மாறாமல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். குழாய் வெளியே வந்திருந்தால் எதையும் ஊற்றக்கூடாது, தானே உள்ளே தள்ளவும் கூடாது. கஞ்சி மெதுவாக இறங்கவேண்டும், பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயை அலசவேண்டும். முடிந்ததும் குறைந்தது அரை மணி நேரம் படுக்கவைக்கக்கூடாது. படுத்தால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். மாத்திரையை இடித்துக் கொடுக்கலாமா என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை, பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல். என்றெல்லாம் இருப்பவற்றை, இடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

சிறுநீர்க் குழாயோடு வீடு திரும்புகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கவேண்டும். காரில் ஏறும்போது பாசமாக அதை மடியில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பையிலிருந்து சிறுநீர் திரும்ப உள்ளே ஓடினால் தொற்று வரும்.

அமெரிக்காவில் அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான ஏ.எச்.ஆர்.க்யூ. இதற்கென்று ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. ஐந்து ஆங்கில முதலெழுத்தைக் கோத்து ஐடியல் (IDEAL) என்று பெயர்: குடும்பத்தைச் சேர்த்துக்கொள், வீட்டில் எப்படி இருக்கும் என்று பேசு, இருக்கும் நாளெல்லாம் சொல்லிக் கொடு, புரிந்ததா என்று சோதி, அவர்கள் சொல்வதைக் கேள். நாகர்கோவில் சிஸ்டர் அந்த ஐந்தையும் செய்தார். அந்த வழிகாட்டியைப் படித்திருப்பாரா என்று கேட்கத் தோன்றவில்லை.

வீட்டை ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்

டாக்டருக்கு உங்கள் இடுப்பு எலும்பின் எக்ஸ்ரே தெரியும். உங்கள் வீட்டுப் படிக்கட்டு தெரியாது. அதைச் சொல்லவேண்டியது குடும்பம். எத்தனை மாடி, லிஃப்ட் உண்டா, அது அடிக்கடி நிற்குமா, கைப்பிடி இருக்கிறதா, கழிப்பறை இந்திய முறையா வெஸ்டர்னா, படுக்கையிலிருந்து அது எத்தனை அடி, வழியில் நிலைப்படி உண்டா. போனில் நாலு படம் எடுத்துப் பிசியோதெரபிஸ்டிடம் காட்டினால் பத்து நிமிடப் பேச்சு மிச்சம். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் குந்தி உட்காரக்கூடாது, தரையில் சம்மணம் போடக்கூடாது, தாழ்வான சோபாவும் ஆகாது. இந்திய முறைக் கழிப்பறை மட்டும் உள்ள வீட்டுக்கு அவர்களை அனுப்பினால் முதல் நாளே பிரச்சினை. அதற்கேற்ற கமோடு நாற்காலி, சாய்த்து நிமிர்த்தும் கட்டில், காற்றுப் படுக்கை, வாக்கர் எல்லாம் சென்னையில் வாடகைக்கே கிடைக்கும். வீட்டில் அவை வந்து சேர்ந்த பிறகு ஆம்புலன்ஸ் கிளம்பட்டும். எங்கள் கதையில் அப்பா முதலில் வந்தார், கட்டில் மறுநாள் வந்தது. நடுவில் ஓர் இரவு ஹாலில் பாய்.

மழைக்காலத்தில் இன்னொரு கேள்வியும் சேரும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரோடு (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி) வீட்டுக்குப் போகிறவர் கரண்ட் போனால் என்ன செய்வார்? தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் டயாலிசிஸுக்கு எப்படிப் போவார்? வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ தரைத்தளத்தில் இருப்பவர்கள் அக்டோபரிலேயே இதற்குப் பதில் வைத்திருக்கவேண்டும். மாற்று சிலிண்டர், மேடான இடத்தில் இருக்கும் உறவினர் வீடு, பத்து நாளைக்குக் கூடுதல் மாத்திரை.

சாப்பாட்டைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். டயட்டீஷியன் “உப்பு கம்மி” என்று சொல்லிவிட்டுப் போவார். வீட்டில் குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, வாய்க்கு ருசியில்லையே என்று ஊறுகாயும் அப்பளமும் வைப்போம். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் ரசம், மோர், காபி எல்லாம் அதில் சேர்த்தி என்பது பலருக்குத் தெரியாது. சிறுநீரக நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் இளநீர் வாங்கி வருவார்கள். அதிலிருக்கும் பொட்டாசியம் அவருக்கு ஆகாது. எதிர்ப்பக்கம் பாட்டியின் பத்தியம். ஆபரேஷன் ஆனவருக்கு முட்டையும் பருப்பும் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்பார்கள். புண் ஆற வேண்டியதே புரதம்தான். இதை மருமகள் சொன்னால் எடுபடாது. பாட்டியையே ஒரு நாள் வார்டுக்குக் கூட்டிப்போய், டயட்டீஷியன் வாயால் கேட்கவைப்பது உத்தமம்.

அரசு ஆஸ்பத்திரியில்

சென்ட்ரல் எதிரில் ஜி.எச்., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை போன்ற இடங்களில் ஒரு சிஸ்டருக்கு நோயாளிகள் அதிகம். கூட இருக்க அனுமதிப்பதும் பெரும்பாலும் ஒருவரைத்தான். அந்தப் பாஸ், வீட்டில் பார்த்துக்கொள்ளப்போகிறவர் கையில் கடைசி இரண்டு மூன்று நாளாவது இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும்போது, எந்த யூனிட் (உங்களைப் பார்த்த டாக்டர் குழு), அந்த யூனிட்டுக்கு ஓ.பி. என்ன கிழமை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கிழமை மாறிப் போனால் உங்கள் கேஸைப் பார்த்திராத வேறு டாக்டர் இருப்பார், மறுபடி முதலிலிருந்து கதை சொல்லவேண்டும். திருவண்ணாமலையிலிருந்தோ சித்தூர் பக்கமிருந்தோ வந்து படுத்தவர்கள், தையல் பிரிப்பதையும் கட்டு மாற்றுவதையும் ஊரிலேயே செய்துகொள்ளலாமா என்று கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்குவது நல்லது. பஸ் செலவுக்குப் பயந்தே ரிவ்யூவை, அதாவது மறுபடி வந்து டாக்டரிடம் காட்டுவதை, விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை இங்கே மறக்கக்கூடாது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் வலிநிவாரணப் பராமரிப்பும் வீட்டிலேயே உண்டு. வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் திரவப் பையும் தருகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் நகலோடு உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதியுங்கள். தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்களும் போய்க் கேட்கலாம். கேட்கத் தோன்றுவதில்லை, அதுதான் சிக்கல்.

இன்ஷூரன்ஸ் காத்திருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் முறை) என்றால், ஆஸ்பத்திரி கேட்ட மூன்று மணி நேரத்துக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனி இறுதி ஒப்புதல் தரவேண்டும், அதற்கு மேல் தாமதித்தால் கூடும் ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனியுடையது என்று இன்ஷூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் விதித்திருக்கிறது. எப்படியும் இரண்டு மூன்று மணி நேரம் சும்மா உட்காருவீர்கள். மாத்திரைப் பையைப் பிரித்துப் பார்க்க அதைவிட நல்ல நேரம் வராது. கேஸ் பேப்பர்களின் நகல் பிறகு தேவைப்பட்டால், கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பதும் 2002-லிருந்தே மருத்துவர்களுக்கான விதி.

எப்போது கூப்பிடுவது?

சம்மரியின் கடைசியில் “அவசரம் என்றால் வரவும்” என்று இருக்கும். எது அவசரம்? அதைத்தான் கேட்டு வாங்கவேண்டும், உங்கள் நோயாளிக்கென்று, எண்ணோடு. இதயம் பலவீனமானவர் என்றால் தினமும் காலையில் எடை பார்க்கவேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது, மூச்சு வாங்கும்வரை காத்திராமல் போன் செய்யவேண்டும். ஆபரேஷன் ஆனவர் என்றால் எத்தனை டிகிரி காய்ச்சல், காயத்தில் என்ன மாற்றம். பக்கவாதம் வந்தவருக்கு வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ யோசனையே வேண்டாம், 108. அவசரமில்லாத சந்தேகத்துக்கு அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104. வார்டு நம்பரையும், எந்த நேரத்தில் யார் எடுப்பார்கள் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இதெல்லாம் தமிழில், பெரிய எழுத்தில், தினசரி காலண்டர் அட்டையின் மேல் ஒட்டியிருக்கிறது. தேதி கிழிக்கிற கை தினமும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும்.

முதல் ரிவ்யூ தேதியை டிஸ்சார்ஜ் அன்றே வாங்கிவிடுங்கள். எங்களுக்கு ஏழாம் நாள் கொடுத்தார்கள். அன்றும் நான்தான் டாக்டருக்கு எதிரில் உட்கார்ந்தேன், பழக்கம் போகவில்லை. அவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, “ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார்? எழுந்ததும் தலை சுத்துதா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். கதவோரம் நின்றிருந்த அம்மா, கைப்பையிலிருந்து பேத்தியின் பழைய கணக்கு நோட்டை எடுத்தாள். “ரெண்டு தடவை டாக்டர். சிஸ்டர் சொன்ன மாதிரி கட்டில் ஓரமா ஒரு நிமிஷம் உக்கார வச்சுத்தான் எழுப்பறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் லேசா சுத்துதுன்னார். அன்னிக்கு பிரஷர் எழுதி வச்சிருக்கேன், பாருங்க.”

நான் எழுந்து நாற்காலியை விட்டேன்.